விரல் நுனி

பெரம்பூரில் ஒரு மாடி அறையில் கிட்டார் சொல்லிக் கொடுப்பவர் ரொசாரியோ மாஸ்டர். தமயந்தி அவரிடம் படித்தவள். இருவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனாலும் அவள் வாயில் 'மாஸ்டர்' தவிர வேறு வார்த்தை வராது.

தமயந்தியின் இசைக்குழுவுக்கு 'ஈரத்துண்டு' என்று பெயர். முதல் ஆல்பம் முழுக்கக் காதல் தோல்வி. கேட்டவர்களெல்லாம் அழுதார்கள். பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது. நல்ல மனிதர், காலையில் காபி போட்டுத் தருகிறார். அந்தச் சந்தோஷத்தையெல்லாம் பாடி இரண்டாவது ஆல்பம் வெளியிட்டாள். வந்தது வினை.

அன்று போனும் கையுமாக வந்து உட்கார்ந்தாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் மாஸ்டர்.

"'வயிறு நிறைஞ்சவங்க பாடின மாதிரி இருக்கு'ன்னு ஒரு விமர்சகர் எழுதியிருக்கார். 'அந்த வலி எங்கே போச்சு'ன்னு எல்லாரும் கேக்கறாங்க. ஒருத்தன், 'அக்கா, திரும்பவும் யாரையாவது லவ் பண்ணித் தோத்துட்டு வாங்க'ன்னு போட்டிருக்கான். அதுக்கு எத்தனை லைக் தெரியுமா மாஸ்டர்?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"உனக்குப் புதுப் பாட்டெல்லாம் பிடிச்சிருக்கா?"

"பாடும்போது அவ்வளவு சுகமா இருக்கு. அதான் பயமே. வலி இல்லேன்னா அது பாட்டே இல்லையோ? சனிக்கிழமை கச்சேரியில பழசை மட்டும் பாடலாம்னு குழுப் பசங்ககிட்ட சொல்லிட்டேன். சரிதானே மாஸ்டர்?"

அவர் பதில் சொல்வதற்குள் சுகுமாரன் உள்ளே வந்தார். வங்கி மேனேஜர். கிட்டார் கற்க ஆரம்பித்துச் சில வாரம்தான் ஆகிறது. இடது கை விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. ஒன்றில் கொப்புளம்.

"கம்பியை அழுத்தவே முடியலை மாஸ்டர். விட்டுடலாம்னு பார்க்கறேன்."

மாஸ்டர் தமயந்தியைக் காட்டினார். "அவங்களைக் கேளுங்க. இதே அறையில அழுதுக்கிட்டே வாசிச்சவங்க."

தமயந்தி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இடது கையை நீட்டினாள். நுனிகள் காய்த்துக் கெட்டியாக இருந்தன. சுகுமாரன் குனிந்து பார்த்தார்.

"எனக்கும் இப்படித்தான் சார். ஒரு பக்கெட் தூக்க முடியாது. கொஞ்சம் பொறுத்துக்குங்க, விரல் காய்ச்சிடும், வலி போயிடும். அப்புறம்தான் சார் வாசிப்பே. வலிக்கும்போது நம்ம நினைப்பு பூரா விரல்மேலதான். பாட்டு எங்க காதுல விழுது?"

அவர் முகம் தெளிந்தது. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார்.

மாஸ்டர் கேட்டார். "பாவம் அந்த மனுஷன். எதுக்கு ஏமாத்தினே?"

"நானா? என்ன ஏமாத்தினேன்?"

"வலி போனா பாட்டும் போயிடும்னு சொல்லியிருக்கணும்ல? இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. கூப்பிட்டுச் சொல்லிடு."

பக்கத்து அறையில் சுகுமாரன் ஒரே கம்பியை மறுபடி மறுபடி மீட்டிக்கொண்டிருந்தார். தமயந்தி அவரைக் கூப்பிடவில்லை. கட்டைவிரலால் மற்ற நுனிகளைத் தடவிப் பார்த்தாள்.

பிறகு போனை எடுத்துப் பசங்களைக் கூப்பிட்டாள். "சனிக்கிழமை புதுசையும் பாடறோம்."