பாடம் நடத்தாத பள்ளிக்கூடம்

"ஒண்ணும் சொல்லிக் குடுக்காத பள்ளிக்கூடத்துலயும் சண்டை குறைஞ்சு போச்சு, மேடம்" என்றார் சண்முகவடிவு. "என் ஆராய்ச்சி போச்சு."

சொல்லிவிட்டு அழுதுவிட்டார்.

ஐம்பது வயதைத் தாண்டியவர். அரசுப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர். அவருக்கு வழிகாட்டி ஜுலைகா, பல்கலைக்கழகப் பேராசிரியை. சண்முகவடிவின் மூத்த மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவர்.

மாணவி குருவை 'மேடம்' என்பார். குரு மாணவியை 'டீச்சர்' என்பார். யார் யாருக்குக் குரு என்று வெளியாள் குழம்பிப்போவார்.

ஜுலைகா மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

"குடிச்சிட்டுச் சொல்லுங்க டீச்சர்."

ஆராய்ச்சி இதுதான். வளரும் பெண்பிள்ளைகளுக்கு அவர்கள் உடம்பைப் பற்றியும் மனசைப் பற்றியும் முறையாகச் சொல்லிக் கொடுத்தால், பள்ளிக்கூடத்தில் அடிதடி குறையுமா?

பெண்பிள்ளைகளுக்குள் என்ன பெரிய அடிதடி என்று கேட்பவர்கள் ஒன்பதாம் வகுப்புப் பக்கம் போனதில்லை. குழாயடியில் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுப்பார்கள். காம்பஸால் முதுகில் கீறுவார்கள். ஒருத்தியிடம் மட்டும் யாரும் பேசக்கூடாது என்று முடிவு செய்து, மாதக்கணக்கில் அவளை ஒதுக்கி வைப்பார்கள். அதில்தான் வலி அதிகம்.

சண்முகவடிவு இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொண்டார். மில் பக்கத்துப் பள்ளியில் வாரம் தவறாமல் வகுப்பு. கோபம் வந்தால் என்ன செய்வது, மாதவிலக்கு, தூக்கம், சாப்பாடு எல்லாம் அதில் உண்டு. ரயில்வே கேட் பள்ளியில் வகுப்பே கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அந்தப் பள்ளி.

இரண்டு இடத்திலும் தொடக்கத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்.

"மில் ஸ்கூல்ல குறையணும், ரயில்வே கேட்ல அப்படியே இருக்கணும். அப்பத்தான் வகுப்பு எடுத்ததால குறைஞ்சதுன்னு சொல்ல முடியும். ரெண்டுலயும் குறைஞ்சா, அது தானா குறைஞ்சது, உன் வகுப்பால இல்லன்னு எக்ஸாமினர் ஒரே வரியில முடிச்சிருவாரு."

"முடிச்சிருவாரு" என்று ஜுலைகாவும் ஒப்புக்கொண்டார்.

ஆறுதல் சொல்லத் தெரியாத குரு.

"அஞ்சு வருஷம் மேடம். லீவு நாள்ல ஒரு கல்யாணம் காட்சிக்குப் போகல. இந்தப் பட்டத்துக்காக வீட்டுல வாங்காத பேச்சில்ல."

"இப்ப என்ன செய்யணும்னு நினைக்கீங்க?"

"ரயில்வே கேட் ஸ்கூலை எடுத்துருவோம். தீசிஸ்ல அது பேரே வராது. வேற ஸ்கூல் பார்த்து, முதல்லேருந்து கேக்கேன்."

"நல்லா சண்டை போடுற ஸ்கூலாப் பார்த்தா?"

சண்முகவடிவுக்குச் சிரிப்பும் வந்தது. ஆத்திரமும் வந்தது.

"எடுக்கலாமா கூடாதான்னு சொல்லுங்க மேடம்."

ஜுலைகா நேரடியாகப் பதில் சொல்லிவிட்டால் அன்றைக்கு மழைதான்.

"எடுக்கதுக்கு முன்னாடி அங்க போய் நன்றி சொல்லிட்டு வாங்க" என்றார்.

அது அவர் போட்ட சட்டம். மற்ற வழிகாட்டிகளின் மாணவர்கள் நன்றியை ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அச்சடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஜுலைகாவின் மாணவர்கள், பதில் சொன்ன பிள்ளைகளின் முன்னால் போய் நின்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாதவருக்குக் கையெழுத்து கிடையாது. துறையில் இதைக் கேலி செய்யாதவர் இல்லை.

"தூக்கிப் போடப் போற ஸ்கூலுக்கு எதுக்கு மேடம் நன்றி?"

"பதில் சொன்னாங்கல்ல?"

ஜுலைகா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டார்.

மறுநாள் மதியம் சண்முகவடிவு ஒரு கடலை மிட்டாய்ப் பொட்டலத்தோடு ரயில்வே கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினார். வழியெல்லாம் குருவை வாய்க்குள் திட்டிக்கொண்டே வந்தார். மரியாதை குறையாமல்தான் திட்டினார்.

சாப்பாட்டு இடைவேளை. கைகழுவும் குழாய்களுக்குப் பின்னால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மெர்சி என்ற பெண். கம்பியை வளைத்து மூக்குக் கண்ணாடியாக மாட்டியிருந்தாள். துப்பட்டாவைச் சேலைத் தலைப்பு மாதிரி முன்னால் இழுத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி அதில் துடைத்தாள். மறுபடி மாட்டினாள்.

அது தன்னுடைய பழக்கம் என்று சண்முகவடிவுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் சுவரோரம் நின்றுவிட்டார்.

"பயப்படாதம்மா" என்றாள் மெர்சி, அச்சு அசலாக அவர் குரலில். "இதுல சரி தப்பு கிடையாது. சொல்ல இஷ்டமில்லன்னா விட்டுரலாம். காலைல சாப்ட்டியா?"

எதிரே உட்கார்ந்திருந்தவள் இசக்கித்தாய். முதல் தடவை வந்தபோது, இவளிடம் மட்டும் ஜாக்கிரதை என்று தலைமையாசிரியையே எச்சரித்த பெண். அவள் குழாயடிக்கு வந்தால் வரிசை தானாக விலகி வழிவிடும்.

"பழையது சாப்ட்டேன்."

"உன்னை யாரும் அடிச்சாங்களா?"

"அண்ணன் அடிச்சான். நேத்து."

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்கார்ந்தாள்.

"நீ யாரையும் அடிச்சியா?"

"இன்னைக்கு இல்ல. அடிக்கணும் போல வந்துச்சு. அதான் இங்க வந்து உக்காந்துட்டேன்."

சண்முகவடிவின் கையில் பொட்டலம் சரசரத்தது. பிள்ளைகள் திரும்பினார்கள். கம்பிக் கண்ணாடி எங்கே போனது என்றே தெரியவில்லை.

"ஏட்டி, கேள்வி டீச்சர்!"

எல்லோரும் எழுந்து நின்றார்கள். திட்டு விழும் என்று எதிர்பார்த்த முகங்கள்.

"இந்த விளையாட்டை யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான் டீச்சர்" என்றாள் மெர்சி.

"நான் உங்களுக்கு ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலையே."

"கேட்டீங்கல்ல? அதே மாதிரி நாங்களும் டெய்லி ஒருத்தியை உக்கார வச்சுக் கேப்போம். இன்னைக்கு இவ முறை."

இசக்கித்தாய் கால் பெருவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டே பேசினாள்.

"எல்லாரும் என்கிட்ட, ஏன்ட்டி அடிச்சேன்னுதான் கேப்பாங்க டீச்சர். உன்னை யாரு அடிச்சாங்கன்னு நீங்கதான் கேட்டீங்க. அன்னைக்கு யாருமில்லன்னு பொய் சொல்லிட்டேன். நீங்க போன பெறவு மனசு கேக்கல. மெர்சிகிட்ட நெசத்தைச் சொல்லிட்டேன்."

சண்முகவடிவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. இந்தப் பிள்ளைகளைத்தான் நேற்றுத் தூக்கிப் போடுகிறேன் என்று சொல்லி அழுதிருக்கிறார்.

"அண்ணன் விஷயத்தை நான் வீட்டுல பேசட்டுமாம்மா?"

இசக்கித்தாய் யோசித்தாள்.

"அம்மாகிட்ட பேசுங்க டீச்சர். பெரிய டீச்சரையும் கூட்டிக்கிட்டு வாங்க. அப்பத்தான் அம்மா கேக்கும்."

"சரி. இன்னைக்கே வாரோம்."

பிறகுதான் வந்த வேலை ஞாபகம் வந்தது.

"உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

"எங்களுக்கா?"

பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதுவரை அவர்களைத் திட்டத்தான் டீச்சர்கள் தேடி வந்திருக்கிறார்கள்.

"எதுக்கு டீச்சர்?"

"பதில் சொன்னதுக்கு."

கட்டாயத்துக்குச் சொல்ல வந்த வார்த்தை. மனசாரவே சொன்னார். அவசரமாகப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்.

அன்று மாலை அவரும் தலைமையாசிரியையும் இசக்கித்தாய் வீட்டுக்குப் போனார்கள். அம்மா முதலில் மகளைக் குறை சொன்னாள். பிறகு மகனைத் திட்டினாள். கடைசியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இனி அவன் கை ஓங்கினால் தானே குறுக்கே நிற்பதாகச் சொன்னாள். வாரம் ஒருமுறை வந்து பார்ப்பேன் என்று தலைமையாசிரியை அழுத்திச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்.

சண்முகவடிவு மறுபடி ஜுலைகாவின் அறைக்குப் போனார். இந்தத் தடவை அழவில்லை. பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"அந்த ஸ்கூலைத் தூக்கிப் போடல மேடம். உள்ளதை உள்ளபடி எழுதப் போறேன்."

"பட்டம் தள்ளிப் போகும் டீச்சர். கிடைக்காமலும் போகலாம்."

"போகட்டும்."

"வைவால கேள்வி கேட்டே உங்களைக் கிழிச்சிருவாங்க."

"கிழிக்கட்டும் மேடம். நான் பார்க்காத எக்ஸாமினரா? இந்த வயசுல படிப்பு எதுக்குன்னு என் மாமியார் கேக்காத கேள்வியா?"

ஜுலைகா வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்துச் சண்முகவடிவு பார்த்ததே இல்லை.

"ஆனா ஒண்ணு மட்டும் எனக்கே பிடிபடல" என்றார் சண்முகவடிவு. "அந்தப் பிள்ளைங்களுக்கு நீ குடுத்தது என்னன்னு எக்ஸாமினர் கேட்டா நான் என்ன சொல்ல? ஒரு வகுப்பு எடுக்கல. ஒரு புத்திமதி சொல்லல. அதுக்கு ஒரு பேரு வேணும்ல மேடம், எழுதுததுக்கு?"

ஜுலைகா எழுந்து வந்தார். மேசைக்கு இந்தப் பக்கம், சண்முகவடிவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் எட்டாவது படிக்கும்போது எங்க ஸ்கூலுக்கு ஒரு அம்மா வந்தாங்க டீச்சர். ஒவ்வொருத்தரா கூப்பிட்டு உக்கார வச்சாங்க. நல்லா தூங்குதியா, வீட்டுல எதுக்காச்சும் பயப்படுதியான்னு கேட்டாங்க. நான் அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாததை அவங்ககிட்ட சொன்னேன். மறுநாள் படிப்பை நிறுத்துததா இருந்தேன். நிறுத்தல."

"பெறவு?"

"பெறவு அவங்க வரவே இல்ல. பேரு தெரியாது. எந்த ஊருன்னு தெரியாது. ஒரு நன்றி சொல்லணும்னு எத்தனையோ பேர்கிட்ட விசாரிச்சுப் பார்த்துட்டேன்."

சண்முகவடிவு மெல்ல அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாணவி குருவின் கையைப் பிடிக்கலாமா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை.

"அவ்வளவு நல்லாவா மேடம் பாடம் நடத்துனாங்க?"

"பாடமெல்லாம் பக்கத்து ஸ்கூலுக்கு, டீச்சர். எங்களுக்குக் கேள்வி மட்டும்தான்" என்றார் ஜுலைகா.