அந்தோணிமுத்து ஏறிய கப்பல்

புதுச்சேரியில் ஜெசிந்தா டீச்சரிடம் மொழிபெயர்ப்பு கற்க வந்தவர்களில் ஞானாதிக்கம் ஒருவர்தான் டீச்சரைவிட மூத்தவர். ஓய்வு பெற்றபின் சும்மா இருக்கத் தெரியாமல் வந்தவர். பிடிவாதக்காரர். பிடிவாதக்காரர்களுக்குத்தான் மொழிபெயர்ப்பு வரும் என்பது டீச்சரின் கட்சி.

டீச்சர் அவருக்குக் கொடுத்தது பாரீஸில் பெரிய பரிசு வாங்கிய ஒரு பிரெஞ்சு நாவல். காரைக்காலிலிருந்து ரெயூனியன் தீவுக்குக் கூலிகளை ஏற்றிப் போன அந்தக் காலத்துக் கப்பலின் கதை. கதை முழுக்கக் கேப்டன்தான். அவருடைய காதல், அவருடைய காய்ச்சல், அவருடைய மனசாட்சி.

மொழிபெயர்த்து முடித்த தாள்கட்டை ஒரு நாள் மாலை ஞானாதிக்கம் கொண்டுவந்து வைத்தார். டீச்சர் தேநீர் குடித்துக்கொண்டே படித்தார். நடுவில் ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தோணிமுத்து என்ற கூலி, ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதைக் கடலில் மொண்டாயா?" என்று கப்பல் சமையல்காரனைக் கேட்கும் இடம் அது.

"பிரமாதம் சார். ஆனா பிரெஞ்சுல இது இல்லையே."

ஞானாதிக்கம் நெளிந்தார்.

"நாலு பக்கம் நானா சேத்தது டீச்சர். அந்த எழுத்தாளர் நம்ம ஆளுங்களுக்கு ஒரே வரிதான் குடுத்திருக்கார். 'கீழ்த்தளத்தில் கூலிகள் அழுதுகொண்டிருந்தார்கள்.' அவ்வளவுதான்."

"அந்தோணிமுத்து யாரு?"

"எங்க கொள்ளுத்தாத்தாவோட அண்ணன். இந்த மாதிரி ஒரு கப்பல்ல போனவர், திரும்பி வரல. கல்லறைத் திருநாள்ல எல்லாருக்கும் அவங்கவங்க கல்லறையில மெழுகுவத்தி ஏத்துவோம். அவருக்குத்தான் கல்லறை இல்லையே. பெரிய சிலுவைக்கு அடியில வச்சிட்டு வந்துடுவோம். இந்தப் புத்தகத்துலயாவது அவருக்கு ஒரு இடம் இருக்கட்டும்னு நெனச்சேன். தப்பா டீச்சர்?"

டீச்சர் அந்த நான்கு தாள்களையும் உருவி எடுத்தார். வெற்றுத்தாள் ஒன்றில் அந்த ஒற்றை வரியை எழுதி, அதே இடத்தில் செருகினார். தாள்கட்டைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

ஞானாதிக்கத்துக்குச் சுருக்கென்றது.

"அவரைக் கப்பல்லேருந்து எறக்கி விட்டுட்டீங்களே!"

"அவர் அழுதாரா சார்?"

"யாருக்குத் தெரியும்? சாப்பாட்டுல குறை சொல்லாம கை கழுவ மாட்டார்னு எங்கப்பா சொல்வார்."

"கூடப் போனவங்க?"

"திருப்பட்டினத்துலேருந்து அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஏறினாங்களாம். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம். இவர்தான் நடுவுல படுக்கணுமாம்."

சொல்லச் சொல்ல அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. கேட்டதைச் சொன்னார், கேட்காததைத் தானாகக் கட்டியும் சொன்னார். டீச்சர் எழுந்து போய் இன்னொரு தேநீர் போட்டு வந்தார். அவர் குடித்து முடித்ததும், உருவிய நான்கு தாள்களை ஒரு கட்டு வெற்றுத்தாளின்மேல் வைத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"இது என்ன டீச்சர்?"

"முதல் நாலு பக்கம்."

ஞானாதிக்கம் அந்தக் கட்டைத் தொடவே தயங்கினார்.

"அப்போ கேப்டன்?"

"உங்க கப்பல்ல அவருக்கு ஒரு வரி குடுங்க சார், போதும்."