அந்திப்பலி நேரம்

அருமைநாயகத்துக்கு அறுபத்தேழு வயது. நில அளவை அலுவலகத்தில் முப்பது வருஷம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். மனைவி தங்கபுஷ்பம் இறந்த மறுவருஷம், செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் இருந்த வேதாகமப் பள்ளியில் எபிரேயு படிக்கச் சேர்ந்தார். அங்கே பாடம் நடத்திய சாலோமி டீச்சர் அவருடைய மகளைவிட இரண்டு வயது சின்னவர்.

ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் அவர் போகவில்லை. கையில் இருந்த சுருளை மேஜையில் விரித்தார். நான்கடி நீளத் தாள். ஓரங்கள் சுருண்டன. டீச்சர் ஒரு முனையில் அகராதியை வைத்தார். மறுமுனையை அருமைநாயகம் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார்.

"தானியேல் தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் சொன்ன எழுபது வாரம்," என்றார். "நாளுக்கு ஒரு வருஷம். மொத்தம் நானூற்றுத் தொண்ணூறு. எருசலேமைத் திரும்பக் கட்டச் சொல்லிக் கட்டளை பிறந்த வருஷத்திலிருந்து எண்ணணும். அறுபத்தொன்பது வாரம் மேசியாவோட முதல் வருகையில முடியுது. கடைசி வாரம் இன்னும் வரலை."

"சரி, ஐயா."

"ஆனா கட்டளை போட்ட ராஜா ஒருத்தர் இல்லை. நாலு கட்டளை இருக்கு. எதிலிருந்து எண்ணணும்? நீங்க மூல பாஷை படிச்சவங்க. அது ஒண்ணைச் சொல்லிட்டா, மேசியா திரும்பி வர்ற வருஷத்தை நான் உறுதியாச் சொல்லிருவேன். ஞாயிற்றுக்கிழமை சபையில சொல்றதா ஒத்துக்கிட்டேன்."

டீச்சர் தாளைப் பார்த்தார். ராஜாக்களின் பெயர்கள் நீல மையில் இருந்தன. கோடுகள் சில இடங்களில் இரட்டையாக விழுந்திருந்தன.

"டாக்டர் சொன்ன கண் ஆபரேஷன் என்னைக்கு?"

"வேண்டாம்னுட்டேன். என் உத்தேசக் கணக்குப்படி அவர் வர இன்னும் மூணு வருஷம்தான். அதுவரைக்கும் இந்தக் கண் போதும்."

"மூணு வருஷம் கழிச்சு?"

"அவர் வரும்போது மரிச்சவங்க எழும்புவாங்க. தங்கபுஷ்பத்தைப் பார்ப்பேன்," என்றார் அவர்.

டீச்சர் பென்சிலை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"தூதன் வந்த நேரத்தை இதுல குறிங்க, ஐயா."

"வருஷமா? தரியு ராஜாவோட முதலாம் வருஷம். இங்க இருக்கு."

"வருஷம் இல்லை. நேரம்."

அவர் எபிரேய வேதத்தைத் திறந்தார். பூதக்கண்ணாடியை வைத்து எழுத்தெழுத்தாகத் தேடினார். வெகுநேரம் ஆயிற்று. டீச்சர் உதவவில்லை.

"மின்ஹத் ஆரெவ்," என்று வாசித்தார். "சாயங்காலக் காணிக்கை. அந்திப்பலி செலுத்துற நேரம்."

"தானியேல் அப்போ எங்க இருந்தார்?"

"பாபிலோன்ல. சிறைப்பட்டுப் போன இடத்துல."

"பலி எங்க செலுத்துவாங்க?"

"எருசலேம் தேவாலயத்துல."

"அன்னைக்கு அங்க பலி செலுத்தினாங்களா?"

அவர் சிரித்தார். "எப்படி டீச்சர்? ஆலயமே இல்லையே. சுட்டெரிச்சுட்டாங்களே."

"எரிஞ்சு எத்தனை வருஷம்?"

அவருடைய விரல் தாளில் பின்னோக்கிப் போயிற்று. கணக்கு அவருக்குச் சுலபம்.

"நாற்பத்தெட்டு."

"நாற்பத்தெட்டு வருஷமா நடக்காத பலிக்கு ஏது நேரம்?"

அவருடைய விரல் அங்கேயே நின்றது. மறுமுனையை அழுத்தியிருந்த கை தளர்ந்தது. தாள் சுருண்டு வந்து அவருடைய மணிக்கட்டில் முட்டியது. அவர் அதைத் தள்ளவில்லை.

"சின்னப் பிள்ளையில பார்த்திருப்பார்," என்றார் மெதுவாக. "புகை எழும்புறதை. ஜனங்க நிக்கிறதை."

"ஆமா."

"அங்க பாபிலோன்ல வேற மணிக்கணக்கு இருந்திருக்குமே."

"இருந்திருக்கும். அவர் அதைச் சொல்லலை."

வெளியே பனையோலைகள் காற்றில் உரசிக்கொண்டிருந்தன. அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை வருஷம் கேட்பாங்க, டீச்சர்."

"தெரியாதுன்னு சொல்ல முடியுமா?"

அவர் யோசித்தார். "முடியும். கொஞ்சம் வெட்கமா இருக்கும்." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வசனத்தை வாசிச்சுக் காட்டலாம். ஆனா சபை முன்னால எபிரேயுல இப்படித் தடவித் தடவி வாசிக்க முடியாது. தமிழ்லயே வாசிக்கிறேன். திங்கட்கிழமை மகளைக் கூட்டிக்கிட்டு கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

டீச்சர் தலையசைத்தார்.

அவர் கிளம்பவில்லை. கண்ணாடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு சொல்றேன். மககிட்டகூடச் சொன்னதில்லை. தினமும் நாலு மணிக்கு காப்பி போடுறேன். ரெண்டு டம்ளர் எடுத்து வைக்கிறேன். அவ போய் ஆறு வருஷம் ஆச்சு. தெரியாம செய்யலை, தெரிஞ்சேதான் செய்றேன். அவ டம்ளர் ஆறின பிறகுதான் என் டம்ளரைக் கழுவுவேன். வெளியே தெரிஞ்சா கிழவனுக்குப் புத்தி பிசகிப்போச்சும்பாங்க."

"தானியேலும் கிழவர்தான், ஐயா," என்றார் டீச்சர். "அந்த நடக்காத பலியோட நேரத்துலதான் தூதன் வந்து அவரைத் தொட்டான்."