பிரிந்துபோகும் மடிப்பு

திரைச்சீலைத் தொழில் பழக நூர்ஜஹானிடம் வந்து சேர்ந்தபோது இருதயராஜுக்கு வயது ஐம்பத்தொன்று. நூர்ஜஹானுக்கு முப்பத்தாறுதான். அதனால் என்ன, தையற்கடையில் துணியை வெட்டுகிறவர்தான் மாஸ்டர். அவர் “மாஸ்டர்” என்பார், அவள் “அண்ணே” என்பாள். திருச்சியில் இருந்த அந்தச் சின்னக் கடையில் அதற்குமேல் மரியாதைப் பேச்சு எதுவும் கிடையாது.

இருதயராஜ் மூடிப்போன ஒரு வால்வு ஆலையில் இருபத்தாறு வருடம் தரம் பார்த்தவர். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் குறை கண்டுபிடிக்காமல் கீழே வைக்கமாட்டார். வீட்டுச் சாம்பாரையும் அப்படித்தான் சாப்பிடுவார் என்று அவர் மனைவிக்கு நெடுநாள் வருத்தம்.

அவருக்குப் பிடிபடாத வீடு ஒன்று உண்டு. அது தில்லைநகரில் சதானந்தத்தின் வீடு.

சதானந்தம் மனைவியை இழந்தவர். மகன்கள் இருவரும் வெளிநாட்டில். அவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்தால் சேர்ந்து உட்கார்ந்து படம் பார்க்கவென்று மாடியில் ஓர் அறை கட்டியிருந்தார். சுவரளவு டி.வி., நாலு மூலையிலும் ஸ்பீக்கர், காலை நீட்டிச் சாய்ந்துகொள்ளும் நாற்காலிகள் எட்டு. அவற்றில் ஏழின் மேல் பாலித்தீன் உறை அப்படியே இருந்தது.

அந்த அறையின் இரண்டு ஜன்னல்களுக்குத் துணி தேர்ந்தெடுக்கவே அவருக்கு நாலு நாள் பிடித்தது. சாம்பல் என்பார், மறுநாள் நீலம் என்பார்.

“பசங்களுக்கு எந்தக் கலர் பிடிக்கும் சார்?” என்று கேட்டார் இருதயராஜ்.

“தெரியலையே,” என்றார் சதானந்தம். மாதிரித் துணிகளை இன்னொரு தடவை புரட்டிவிட்டு, “மெரூன் போட்டா நல்லா இருக்குமா?” என்றார்.

மெரூனே போட்டார்கள்.

வெளிச்சம் புகாத துணி கனமானது. மாட்டிய பிறகு ஒரு மாதம்வரை தன் பாரத்தில் தானே கீழே இறங்கும். அதுவரை அடிமடிப்பை மெஷினில் தைக்கக் கூடாது. கையால் நீள நீளமாக நூல் ஓட்டி வைத்திருந்து, துணி இறங்கி முடிந்ததும் பிரித்து, அளவு பார்த்து மெஷினில் அடிக்க வேண்டும். அத்தோடு வேலை முடிந்தது.

சதானந்தம் வீட்டில் ஏழு மாதமாக அந்த வேலை முடியவில்லை.

மாதம் தவறாமல் போன் வரும். “அம்மா, மடிப்பு மறுபடியும் பிரிஞ்சு தொங்குது.” நூர்ஜஹான் உடனே கிளம்புவாள். தரையில் உட்கார்ந்து திரும்பவும் கையாலேயே நூல் ஓட்டுவாள். சதானந்தம் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பார். மகன்கள் ஒரே ஒரு தடவை வந்ததையும், பேரப்பிள்ளைகள் அந்த அறையில் உட்கார்ந்து அவரவர் செல்போனைப் பார்த்ததையும் சொல்வார். பிறகு தானே காபி போட்டுக் கொண்டுவருவார். “வெளிச்சம் உள்ளே வருதான்னு பார்த்துட்டுப் போங்க,” என்று பட்டப்பகலில் ஒரு படத்தை ஓடவிடுவார். நூர்ஜஹான் இடைவேளைவரை உட்கார்ந்து பார்ப்பாள். இருதயராஜ் வாசல் பக்கம் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

“மாஸ்டர், துணி எப்பவோ இறங்கி முடிஞ்சிடுச்சு. மெஷின்ல அடிச்சுட்டா என்ன?”

“அடிக்கலாம் அண்ணே.”

“அப்புறம் ஏன் அடிக்கல?”

“அந்த நூலை எடுங்க,” என்றாள் அவள்.

இருதயராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு வேலைச் சுத்தமான மனுஷி, ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஏன் இப்படிக் கோணல்மாணலாக வேலை செய்கிறாள்? ஏழு தடவை பிரிந்த மடிப்பு என்று நாலு பேருக்குத் தெரிந்தால் கடைப் பெயர் என்ன ஆகும்? அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நூர்ஜஹான் தங்கையின் பிரசவத்துக்காகப் புதுக்கோட்டை போயிருந்த வாரம் மறுபடி போன் வந்தது. இருதயராஜ் மெஷினையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். மடிப்பைப் பிரித்தார், மில்லிமீட்டர் சுத்தமாக அளந்தார், இரட்டைத் தையல் போட்டார். துணி நேராகத் தொங்க மூலைகளில் ஈயக்குண்டு வைத்துத் தைத்தார். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

சதானந்தம் மடிப்பைத் தடவிப் பார்த்தார். “இனிமே பிரியாதா?”

“பத்து வருஷத்துக்கு அசையாது சார். நான் கியாரண்டி.”

“அப்படியா,” என்றார் அவர். “ரொம்ப நல்ல வேலை.”

காபிக்கு அடுப்பில் பால் வைத்திருந்தார். அதை மறந்தேபோய், வாசல்வரை கூட வந்து கதவைச் சாத்திக்கொண்டார். நம்ம மாஸ்டருக்கு இதைச் சொல்ல வேண்டுமே என்று இருதயராஜுக்கு ஒரே குதூகலம்.

திரும்பி வந்த நூர்ஜஹான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“எவ்வளவு நேரம் இருந்தீங்க?”

“முக்கால் மணி.”

அவள் கத்தரியை எடுத்து வேறு துணியை வெட்டப் போய்விட்டாள். ஒரு பாராட்டு வார்த்தை வரவில்லையே என்று இருதயராஜ் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் போன் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. வேலை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று இருதயராஜ் மனசுக்குள் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

மூன்றாம் மாதம் ஒருநாள் சதானந்தமே கடைக்கு வந்தார். நல்ல வெயில். கசங்கின சட்டை, மூன்று நாள் தாடி. ஆள் பாதியாக இளைத்திருந்தார். ஸ்டூலில் உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

“இன்னொரு கர்ட்டன் வேணும் அம்மா. அந்தப் படம் பார்க்கிற ரூமுக்குத்தான். பின்பக்கச் சுவருக்கு.”

இருதயராஜ் சிரித்துவிட்டார். “சார், பின்பக்கச் சுவர்ல ஜன்னலே கிடையாதே.”

சதானந்தம் தலையைக் குனிந்துகொண்டார். மேஜை மேல் கிடந்த ஒரு துண்டுத் துணியை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அப்போதுதான் இருதயராஜுக்கு உறைத்தது.

“போட்டுடலாம் சார்,” என்றாள் நூர்ஜஹான். “அளவெடுக்க நாளைக்குக் காலையில அண்ணன் வருவாரு.”

“காலையிலயா?”

“பத்து மணிக்கு.”

“பத்துக்குச் சரியா வந்துடுவாரா?”

“வந்துடுவாரு.”

சதானந்தம் இருதயராஜைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார். தெரு முனை திரும்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

 இருபத்தாறு வருடம் குறை பார்த்த கண்ணுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று இருதயராஜுக்கு வெட்கமாக இருந்தது.

“நான் செஞ்சது தப்பா மாஸ்டர்?”

“தையல் நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே.”

“நாளைக்கு நான் போய் என்ன செய்யணும்?”

நூர்ஜஹான் அவர் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் போட்டாள்.

“இதை மறந்துட்டுப் போங்க,” என்றாள்.