ஏழு நொடி

"எந்த சாஃப்ட்வேரை வாங்கறதும்மா? அதை மட்டும் சொல்லுங்க, இறங்கிடுறேன்" என்றார் சட்டநாதன்.

ரெஜினா கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள்.

சட்டநாதன் சீர்காழிக்காரர். வயது அறுபத்தொன்று. முப்பது வருடம் கல்யாண வீடியோ எடுத்தவர். இவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மலை உச்சியில் மூடிக் கிடக்கும் டிவி கோபுரத்தில் கடைசியாக வேலை பார்த்தவள். கோபுரத்தை மூடிய பிறகும் கீழே இறங்கவில்லை. பழைய கேசட்டில் சிக்கல் என்றால் வீடியோக்காரர்கள் இவளைத் தேடி ஏறி வருகிறார்கள். குரு என்கிறார்கள். அப்படிக் கூப்பிட்டால் அவளுக்குப் பிடிக்காது. கூப்பிடாவிட்டாலும் பிடிக்காது என்று கேள்வி.

"என்ன கேசட்?" என்றாள் கடைசியில்.

"யாரோ வீட்டுக் கல்யாணக் கேசட். நான் எடுத்தது. இருபது வருஷம் ஆச்சு. ஆனா எனக்கு வேண்டியது கல்யாணம் இல்ல. ஆரம்பத்துல ஏழு நொடி."

"ஏழு நொடியில என்ன இருக்கு?"

"என் வீட்டுக்காரி."

கேமராவை முடுக்கியதும் வெள்ளையாக எதையாவது காட்டி நிறத்தைச் சரிபார்ப்பது தொழில் வழக்கம். அன்று கல்யாணத்துக்குக் கிளம்புமுன் வீட்டு வாசலில் அவர் மனைவி தையல்நாயகி ஒரு வெள்ளைத் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தாளை இறக்கினாள். அவ்வளவுதான்.

அவள் போய் எட்டு மாதம். கேமராவைக் கண்டால் அடுக்களைக்குள் ஓடிவிடுகிறவள். அவர்கள் கல்யாண ஆல்பத்தைக் கறையான் தின்றுவிட்டது. ஊரார் பெண்டாட்டியை எல்லாம் மணிக்கணக்கில் படம் பிடித்தவரிடம் சொந்தப் பெண்டாட்டி ஏழு நொடிதான் மிச்சம்.

"சரி. அதுல என்ன கோளாறு?"

"கோடும்மா. முகம் பூரா கோடு."

அந்தக் காலக் கேமரா ஒவ்வொரு படத்தையும் இரண்டு தவணையாக எடுக்கும். ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதி வரிகள் முதலில், மீதிப் பாதி ஒரு கண்சிமிட்டல் கழித்து. நடுவில் ஆள் அசைந்தால் இரண்டு பாதியும் ஒட்டாது. கம்ப்யூட்டரில் நிறுத்திப் பார்த்தால் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். அதைப் போக்கத்தான் சாஃப்ட்வேர்.

"எத்தனை பாத்தீங்க?"

"பதினாலு. ஒண்ணு பாதி வரியைத் தூக்கிப் போட்டுடுச்சு, முகம் மங்கிப் போச்சு. ஒண்ணு ரெண்டையும் குழைச்சுது. ஒரே உடம்புல ரெண்டு தையல், ஆவி மாதிரி. காசு கட்டாம எடுத்ததுல அவ நெத்தியில கம்பெனி பேரை எழுதி வச்சுட்டான்."

ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"புதுசா ஒண்ணு வந்திருக்கு. தானே யோசிச்சு வரையுமாம். பளிச்சுனு வந்துச்சும்மா. யாரோ ஒரு பொண்ணு. பல்லு வரிசையா இருந்துச்சு. என் வீட்டுக்காரிக்குத் தெத்துப்பல்லு."

சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

"கோடு விழாத ப்ரேம் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம்" என்றாள் ரெஜினா.

கோபுரத்தடியில், காவலாளி இல்லாத காவலாளி அறையில் சட்டநாதன் லேப்டாப்போடு உட்கார்ந்தார். ஒரு நொடிக்கு இருபத்தைந்து ப்ரேம், அதாவது இருபத்தைந்து தனிப் படம். ஏழு நொடி என்றால் நூற்று எழுபத்தைந்து. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். எட்டு மாதமாகச் செய்கிற வேலைதான். வீட்டில் அரிசியை இன்னும் இரண்டு பேருக்கு அளந்து போட்டுவிடுகிறவர் அவர். மிச்சச் சோற்றை மூடி வைத்துவிட்டு இதைத்தான் செய்வார். துக்கத்தை ப்ரேம் ப்ரேமாக எண்ணிக்கொண்டிருந்தால் அது குறையவா போகிறது?

மறுநாள் காலை போய் நின்றார்.

"தொண்ணூறு ப்ரேம் சுத்தமா இருக்கும்மா."

"அப்புறம் என்ன?"

"அதுல தாள்தான் தெரியுது. ஆடாம பிடிச்சிருக்கா. தாளை இறக்க ஆரம்பிச்சதுலேர்ந்து எல்லாத்துலயும் கோடு."

"சுவத்துல?"

"இல்ல."

"கதவுல?"

"இல்ல. அவ மேல மட்டும்தான்."

"வேற படமே கிடையாதா உங்ககிட்ட?"

பர்சிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். ரெஜினா அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல ஒரு கோடுகூட இல்லையே அண்ணே."

"அது போட்டோம்மா. அசையாது..."

சட்டநாதன் அட்டையைத் திரும்ப வாங்கக் கை நீட்டியவர் வாங்காமலே நின்றார்.

"கேசட் கையில இருக்கா?" என்றாள்.

"இருக்கு. ஒருதரம் கம்ப்யூட்டர்ல ஏத்துனதோட சரி. மறுபடி போடவே இல்ல. அறுந்துட்டா?"

"ஏத்துறப்போ ஓடவிட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கோடு வருதான்னு பாத்தேன்."

"சத்தம் வச்சு?"

அவர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். கல்யாண வீடியோவில் பதிவான சத்தத்தை எந்த வீடியோக்காரன் வைத்துக்கொள்கிறான்? சந்தடியை அழித்துவிட்டு மேலே சினிமாப் பாட்டை ஏற்றுவதுதான் தொழில். முப்பது வருடப் பழக்கம். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் வேலையில் உட்காருவார்.

"சத்தம் எதுக்கும்மா? எனக்கு முகம்தானே வேணும்."

ரெஜினா உள்ளே போய் ஒரு மூலையில் போர்த்தியிருந்த துணியை விலக்கினாள். பழைய டப்பா டிவி. பின்பக்கம் புடைத்த கனமான டிவி. பக்கத்திலிருந்த பழைய கேமராவில் அவர் கேசட்டைப் போட்டு, படத்துக்கு மஞ்சள் வயரையும் சத்தத்துக்கு வெள்ளை வயரையும் டிவியில் சொருகினாள்.

"இது ரெண்டு பாதியையும் ஒண்ணு மாத்தி ஒண்ணாத்தான் காட்டும். இதுக்காக எடுத்த படம். இதுல ஓடட்டும். நிறுத்தக் கூடாது."

"அறுந்துட்டா, அம்மா?"

அவள் பொத்தானை அழுத்தினாள்.

வாசல் வந்தது. வெள்ளைத் தாள் வந்தது. தாளைப் பிடித்திருந்த விரல்களில் மாவு ஒட்டியிருந்ததை அவர் இப்போதுதான் பார்த்தார். தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது.

தாள் இறங்கியது.

ஒரு கோடு இல்லை. தையல்நாயகி தெத்துப்பல் தெரியச் சிரித்தாள். முடியை ஒதுக்கினாள். கேமராவைப் பார்த்து, இல்லை, கேமராவுக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்துக் கேட்டாள்:

"பாத்தாச்சா?"

"ஆச்சு, ஆச்சு. தள்ளு" என்றது டிவிக்குள்ளிருந்து அவருடைய நாற்பத்தொரு வயதுக் குரல்.

சட்டநாதன் டிவியின் முன் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"இல்ல தையலு" என்றார். "இன்னும் பாக்கல."