பன்னிரண்டு ஸ்பீக்கர், ஒரு காது

“மேடம், இந்த சிடி பழுதா? பாட்டே வரலையே.”

சூசைமாணிக்கம் ஹெட்போனைக் கழற்றி நீட்டினார்.

ஷமீமா வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார். அரை நிமிடம் கேட்டார்.

“நல்லாத்தானே பாடுறாங்க.”

திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சூசைமாணிக்கத்துக்கு ஐம்பத்தொரு வயது. திண்டுக்கல் பக்கம் இருபத்தாறு வருடம் மைக்செட் போட்டவர். சினிமாவுக்கு ஒலிகளைக் கலக்கும் மிக்சிங் வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சென்னைக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஸ்டூடியோவில் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஷமீமாவுக்கு வயது முப்பத்துநான்கு.

சிடி பொற்கொடி என்ற பாடகியுடையது. ஸ்டூடியோ அலமாரியின் அடித்தட்டில் அவருடைய மூன்று ஆல்பங்கள் இருந்தன. அன்றுதான் சூசைமாணிக்கம் அவற்றை எடுத்தார்.

பொற்கொடி மேடை ஏறியதில்லை. தாளத்துக்குத் தையல் மெஷினை ஓட்டுவார். வீணையில் ஒரே ஒரு தந்தியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கழற்றிவிடுவார். தன் குரலை நடுவில் வைக்கவே மாட்டார். எங்காவது ஓரத்தில், ஒரு காதுக்கு மட்டும் கேட்கும்படி வைப்பார்.

சூசைமாணிக்கம் மறுபடி ஹெட்போனை மாட்டினார். தையல் மெஷின் ஓடியது. பாட்டு இல்லை.

ஏதோ தோன்றி ஹெட்போனைத் திருப்பி மாட்டினார். இடது வலதாயிற்று.

ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள்.

மறுபடி பழையபடி மாட்டிப் பார்த்தார். குரல் இல்லை.

மறுநாள் காது டாக்டரிடம் போனார்.

“இடது காதுல நரம்பு போயிடுச்சு. எப்ப இருந்து கேக்கலை?”

“தெரியலைங்க.”

“கொஞ்சம் கொஞ்சமாப் போனா தெரியாது. இனிமே திரும்ப வராது. இன்னொரு காதைப் பத்திரமாப் பாத்துக்குங்க.”

அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் மனைவி போனில் கூப்பிட்டார். “வேலை நல்லாப் போகுது” என்றார். போன் வலது காதில் இருந்தது. எத்தனை நாளாக வலது காதிலேயே வைக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

அன்று மாலை ஷமீமா சொன்னார்.

“வெள்ளிக்கிழமை பெரிய ரூம்ல பொற்கொடி ஆல்பத்தைப் போடுறேன், அண்ணே. சுத்தியும் சத்தம் வர்ற மாதிரி, சரவுண்ட் சவுண்டுல அவங்களே மிக்ஸ் பண்ணினது. நடு நாற்காலியில நீங்க உக்காருங்க. குரல் எங்க இருந்து வருதுன்னு சொன்னாப் போதும்.”

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஹார்ன் அடித்தால் எந்தப் பக்கம் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தார். பெரும்பாலும் தப்பாகவே இருந்தது. சாலையைக் கடக்கவே பயமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது.

சுவர்களைச் சுற்றிப் பன்னிரண்டு ஸ்பீக்கர். நடுவில் ஒரு நாற்காலி. சூசைமாணிக்கம் அதன் நுனியில் உட்கார்ந்தார்.

தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது.

“குரல் எங்க, அண்ணே?”

அவருக்குக் குரலே கேட்கவில்லை. ஊகித்துச் சொன்னார். “இடது பக்கம், பின்னால.”

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

“இப்ப?”

“நேர் பின்னால, மேடம்.”

ஷமீமா நிறுத்தினார்.

“அவங்க இன்னும் பாடவே ஆரம்பிக்கலை.”



“இடது காது கேக்காது, மேடம். செவ்வாய்க்கிழமை டாக்டர் சொன்னார். அந்த சிடியைக் கேட்டதாலதான் எனக்கே தெரிஞ்சது.”

சூசைமாணிக்கம் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

“இனி எனக்கு இங்க என்ன வேலை? லாக்கர் சாவியை யார்கிட்டக் குடுத்துட்டுப் போகணும்னு சொல்லுங்க.”

“எந்திரிங்க.”

அவர் எழுந்தார். ஷமீமா நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் வெளி வராந்தாவில் விட்டார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பாட்டை முதலிலிருந்து போட்டார். மிக்சிங் கன்சோலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

சூசைமாணிக்கம் வெறும் தரையில் நின்றார். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

மெல்லத் தலையைத் திருப்பினார். ஒரு பக்கம் திரும்பியபோது மெஷின் சத்தம் கூடியது. அந்தப் பக்கம் நடந்தார். சுவர் வந்தது. ஸ்பீக்கரில் கை வைத்தார். உள்ளங்கை அதிர்ந்தது.

இதற்குள் குரல் தொடங்கிவிட்டது. தேடிப் போனார். கிட்டப் போவதற்குள் அது எதிர்ச் சுவருக்குத் தாவியது. ஓடினார். அங்கிருந்தும் போய்விட்டது. பாட்டு முடிந்துவிடுமோ என்று பதறினார். இரண்டு முறை ஒரே மூலைக்கு வந்து சேர்ந்தார்.

பின்சுவரில் ஒரு ஸ்பீக்கர் தாழ்வாக இருந்தது. அதன் பக்கம் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு தரையில் உட்கார்ந்தார்.

குரல் முன்சுவருக்குப் போனது. அவர் எழவில்லை.

“குரல் அங்க இல்லை, அண்ணே.”

“தெரியும், மேடம்.”

“பின்ன அங்க என்ன பண்றீங்க?”

“யாரோ ஒரு அம்மா கூப்பிடுறாங்க. ‘பொற்கொடி, சோறு ஆறுது’ங்கிறாங்க. ரொம்ப மெதுவா. அடுத்த வீட்டுல இருந்து கூப்பிடுற மாதிரி. அவங்க கூப்பிடக் கூப்பிட இவங்க பாடிக்கிட்டே இருக்காங்க.”

நான்கு வருடமாக ஷமீமா அந்த ஆல்பத்தை நடு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டு வந்தவர். வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டியவர்.

“அப்படி ஒண்ணும் அதுல கிடையாது” என்றார்.

சூசைமாணிக்கம் வலது காதை ஸ்பீக்கரில் ஒட்டி வைத்தார். கேட்டுக்கொண்டிருந்தார்.

ஷமீமா பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டார். எழுந்து வந்தார். அவர் பக்கத்தில் முழங்காலிட்டு, ஸ்பீக்கர் அருகே தலையைச் சாய்த்தார்.

மெஷின் ஓடியது. குரல் வந்தது. போனது.

சூசைமாணிக்கம் ஷமீமா பக்கம் திரும்பினார்.

“மேடம், நான் ஊருக்குப் போகணுமா, இருக்கணுமா? அதை மட்டும் சொல்லிடுங்க.”

“சத்தம் போடாதீங்க, அண்ணே” என்றார் ஷமீமா. “கொஞ்சம் தள்ளி உக்காருங்க. எனக்கு இன்னும் கேக்கலை.”