சுருக்கம் நீக்கிய குரல்

கொக்கட்டிமுனைத் தண்ணீர்க் கந்தோர்க்காரரை முட்டாள்கள் என்று சொன்னால் உலகத்திலுள்ள மற்ற முட்டாள்கள் கோபிப்பார்கள். பெரியவர் ஞானச்சந்திரன், கிளாக்கர் அருளப்பு, குழாய் திருத்துகிற குகதாசன் என்று அந்த அலுவலகத்தில் மூன்று பேர். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மின்விசிறி. மூளையும் அப்படித்தான்.

அந்த ஊரில் இடியப்பம் அவித்து விற்றுச் சீவிக்கிற யோகமலருக்கு இவர்களிடம் போய் மாட்டுப்பட வேண்டிய விதி. வீட்டுக் குழாய் காய்ந்துவிட்டது. மா குழைக்கவே தண்ணி இல்லை; வாடிக்கைக்காரர் ஒவ்வொருவராய் வேறு வீட்டுப் படலைக்குப் போகத் தொடங்கினார்கள். பாவம், கந்தோருக்குப் போன் எடுத்துத் தன் குரலிலேயே முறைப்பாட்டைப் பதிந்தாள்.

பதிவு நகரத்துத் தலைமைக் கந்தோருக்குப் போனது. உடனே பதில் வந்தது: “தொலைபேசிப் பதிவு சுருக்கப்பட்டிருக்கிறது. எங்கள் கணினி வாங்காது. சுருக்கம் நீக்கி அனுப்பவும். பிறகுதான் குழாய் பார்க்க ஆள் வரும்.”

கணினியில் ஒரு பொத்தானை அமத்தினால் முடிகிற வேலை. ஆனால் அது யாருக்குத் தெரியும்?

“சுருக்கம் நீக்கிறதெண்டால் அயன் பண்ணுறதுதானே?” என்றார் அருளப்பு.

“சூடு அளவாய் இருக்கட்டும். பொம்பிளைக் குரல்,” என்று ஞானச்சந்திரன் கவலைப்பட்டார்.

பதிவு இருந்த சின்ன நினைவகச் சில்லை மேசையில் வைத்து, மேலே ஈரத்துணி விரித்து அயன் பெட்டியால் தேய்த்தார்கள். புகை வந்தது. “சுருக்கம்தான் ஆவியாய்ப் போகுது” என்று மூவரும் சந்தோசப்பட்டார்கள்.

சில்லு உருகிப் போனபிறகு யோகமலரைக் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். குழாய் சரிவந்திட்டுதாக்கும் என்று அவள் ஓட்டமும் நடையுமாய் வந்தாள்.

“அக்கா, உங்கட முறைப்பாடு சுருக்கமாய்ப் போச்சு. விரிச்சுச் சொல்லுங்கோ,” என்றார் ஞானச்சந்திரன், ஒலிவாங்கியை நீட்டி.

“தண்ணி வருதில்லை.”

“அதுதான் சுருக்கம். இன்னும் விரிக்கவேணும்.”

“எப்பிடி ஐயா விரிக்கிறது? தண்ணி வருதில்லை எண்டால் வருதில்லைதானே!”

“குரல் கம்பிக்குள்ளாலை வந்ததிலை நசுங்கியிருக்கும்,” என்ற குகதாசன், ஒரு தடித்த பிவிசி குழாயைத் தூக்கி வந்து ஒரு முனையை ஒலிவாங்கியிலும் மறுமுனையை அவள் வாயிலும் வைத்தான். “இதுக்குள்ளாலை கதையுங்கோ. தாராளமாய் இடமிருக்கு.”

யோகமலருக்குப் பொறுமை அறுந்தது. பிறகு அவள் குழாய்க்குள்ளால் விட்ட பேச்சிருக்கே! “கோதாரியிலை போவாங்களே, மண்டைக்குள்ளை என்ன களிமண்ணோ? என்ரை அடுப்பு அணைஞ்சு கிடக்கு, நீங்கள் இஞ்சை காத்தாடிக்குக் கீழை இருந்து சம்பளம் தின்னுறியள்!” என்று தொடங்கி, மூவருடைய தகப்பன்மாரையும் தொட்டு, கடைசியில் “தண்ணி வருதில்லை!” என்று கத்தி முடித்தாள். மூவரும் மெய்மறந்து கைதட்டினார்கள். இப்படி விரிந்த குரலை அவர்கள் கேட்டதே இல்லை.

அனுப்பினார்கள். தலைமைக் கந்தோர் திருப்பியது: “இது மிகவும் பெரிது. முக்கியமானதை மட்டும் வைத்து மிச்சத்தை வெட்டவும்.”

பேச்செல்லாம் வெட்டி, கடைசி இரண்டு சொல்லில் வந்து நின்றார்கள்.

“தண்ணி முக்கியம். வருது முக்கியம். ‘இல்லை’ எண்டதிலை என்ன இருக்கு?” என்று கேட்டார் அருளப்பு.

ஞானச்சந்திரன் கண்ணை மூடி யோசித்தார். “ஒண்டும் இல்லை.”

“இல்லாததை ஏன் ஐயா அனுப்புவான்?”

வெட்டினார்கள்.

தலைமைக் கந்தோரிலிருந்து வாழ்த்தே வந்தது: தண்ணி வருகிறது என்று பாவனையாளர் தன் குரலிலேயே சொல்லிவிட்டார், முறைப்பாடு தீர்ந்தது, கொக்கட்டிமுனைக்குப் பாராட்டு. மூவரும் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, யோகமலர் வீட்டுக்கே கொண்டு போனார்கள். வெயிலில் நடந்த களை.

“அக்கா, முதலிலை குடிக்க ஒரு செம்புத் தண்ணி தாங்கோ.”

யோகமலருக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. குழாயைக் காட்டினாள். ஞானச்சந்திரன் திறந்தார். ‘உஸ்ஸ்’ என்று காற்று மட்டும் வந்தது. அவர் குனிந்து காதை வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது.

“தண்ணி வருது. ஆனால் சுருக்கப்பட்டு வருது,” என்றார். “அருளப்பு, ஓடிப்போய் அயன் பெட்டியை எடுத்துக்கொண்டு வாரும்.”